பஸ்ஸுக்குக் காசில்லை

ஜிம்பாப்வே நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபண்டாவுக்கு ஒரு நாள் தொலைபேசி வந்தது. அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த 26 வயதுப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்ற செய்தி. சொன்னவர் அவளுடைய தாய். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தப் பெண் ஒருமுறை தற்கொலைக்கு முயன்று, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டுப் பிழைத்திருந்தாள். உடம்பு தேறியதும் தாயும் மகளும் தலைநகர் ஹராரேவுக்கு வந்து சிபண்டாவைப் பார்ப்பது என்று பேச்சு. வரவில்லை. ஏன் வரவில்லை என்று மருத்துவர் கேட்டார். ஹராரேவுக்கு வர பஸ் கட்டணம் 15 டாலர் எங்களிடம் இல்லை என்றார் தாய்.

2017-இல் டெட் மேடையில் சிபண்டா இதைச் சொன்னார். பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து மனச்சோர்வுக்குச் சிகிச்சை தரும் தன் திட்டத்தைப் பற்றிய பேச்சு அது. கேட்டவர்கள் பாட்டிகளை நினைவில் வைத்துக்கொண்டார்கள். பத்திரிகைகளும் பாட்டிகளைப் பற்றியே எழுதின. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த 15 டாலர் மனதை விட்டு அகல மறுக்கிறது.

காரணம் உண்டு. மனநலம் பற்றிய கூட்டங்களில் தடைகள் என்று வரிசையாகச் சொல்லப்படுபவை எல்லாம் இந்தப் பெண் விஷயத்தில் ஏற்கெனவே தாண்டப்பட்டிருந்தன. அவளுடைய துன்பம் வீட்டுக்குத் தெரியும். ஊர் என்ன சொல்லுமோ என்று தாய் அதை மூடி வைக்கவில்லை. மருத்துவர் இருந்தார், புதியவரும் அல்ல, அவளை அறிந்தவர். ஆபத்து எவ்வளவு என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாக்கி இருந்தது ஒரு பஸ் பயணம்.

அந்தத் தாய் சொன்ன பதிலையும் கவனிக்க வேண்டும். வசதி இல்லை, கஷ்டம் என்று பொதுவாகச் சொல்லி முடிக்கவில்லை. தொகையைச் சொன்னார். தொகை தெரிந்த ஒருவர் அதை விசாரித்திருப்பார். யாரிடம் கேட்கலாம் என்று யோசித்திருப்பார். ஒருவேளை கேட்டும் பார்த்திருப்பார். மகள் வீட்டுக்குள் படுத்திருக்க, 15 டாலருக்காக அவர் எத்தனை வாசல்களை மனதுக்குள் ஏறி இறங்கினாரோ!

அந்த நாட்டின் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2005 மே மாதம் ஜிம்பாப்வே அரசு நகரங்களில் குடிசைகளையும் தெருக்கடைகளையும் இடித்துத் தள்ளியது. சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தார்கள் என்று ஐ.நா. கணக்கிட்டது. கடுமையாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று ஹராரேயின் ம்பாரே. 2006-இல் அங்கே மனநல சேவை தொடங்கும் பொறுப்பு சிபண்டாவிடம் வந்தது. கிளினிக்கில் அறை கிடையாது. ஒதுக்க நர்சுகளும் கிடையாது. நாட்டில் மனநல மருத்துவர்களே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். கிடைத்தவர்கள் 14 பாட்டிகள், ஏற்கெனவே அந்தப் பகுதியில் சுகாதாரப் பணி செய்துவந்தவர்கள். கட்டடத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சு போடப்பட்டது. அதற்கு 'மனநல பெஞ்சு' என்று பெயர் வைக்க நினைத்தார் மருத்துவர். அந்தப் பெயர் இருந்தால் ஒருத்தரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று பாட்டிகள் சொல்லிவிட்டார்கள். அது 'நட்பு பெஞ்சு' ஆனது.

வெளியூர்களிலிருந்து ஹராரேவுக்கு வரும் பஸ்கள் நிற்கும் பெரிய நிலையமும் சந்தையும் ம்பாரேயில்தான் இருக்கின்றன. அந்தப் பெண்ணும் தாயும் பஸ் ஏறியிருந்தால் அநேகமாக அங்கேதான் இறங்கியிருப்பார்கள்.

பெஞ்சில் நடப்பது வெறும் ஆறுதல் பேச்சு என்று நினைத்தால் தவறு. முதலில் 14 கேள்விகள். தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா என்பதுபோல. இந்தக் கேள்வித்தாளை 1990-களில் ஹராரேயில் உள்ளூர் மக்கள் தங்கள் துன்பத்தைச் சொல்லும் சொற்களிலிருந்தே உருவாக்கியவர் இந்தியரான விக்ரம் படேல். அவர் பிறகு கோவாவில் 'சங்கத்' அமைப்பைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரானார். மருத்துவம் படிக்காத உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி கொடுத்தால் மனச்சோர்வுக்கு உதவ முடியுமா என்று கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதித்து, முடியும் என்று 2010-இல் வெளியிட்டார்.

கேள்விகள் முடிந்ததும் வந்தவர் பேசுவார், பாட்டி கேட்பார். அழுகை வந்தால் அழவிடுவார். கணவன் அடிக்கிறான். வாடகை பாக்கி. எச்ஐவி மருந்தை வீட்டில் ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவில்லை. எல்லாவற்றையும் கொட்டியபின் பாட்டி கேட்பது, இதில் எதை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று. சிக்கு விழுந்த நூலில் ஒரு முனையைத் தேடி எடுப்பது போன்ற வேலை இது. ஒன்றை எடுத்து, அதற்கு என்ன செய்யலாம், யாரைப் பார்க்கலாம், என்றைக்குப் பார்க்கலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். அடுத்த முறை, என்ன ஆயிற்று என்று பாட்டி விசாரிப்பார். இப்படி ஆறு அமர்வுகள். மனதைத் திறப்பது, தூக்கி நிறுத்துவது, வலுப்படுத்துவது என்று மூன்று கட்டங்களாக இதை அங்கே சொல்கிறார்கள்.

இந்த முறையைப் பற்றி 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; பத்தில் நால்வருக்கு எச்ஐவி. ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு சற்றுக் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது; மறு பிரிவு பெஞ்சில் உட்கார்ந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முதல் பிரிவில் 49.9 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 13.7 சதவீதம்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. குணமானது எது? மனமா, வாடகை பாக்கியா? பெஞ்சுக்கு வந்தவர்கள் அதன்பின் கூடும் குழுக்களில் பெண்கள் பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு கைப்பை பின்னுகிறார்கள். பின்னும்போது பேசுகிறார்கள்; பையை விற்றால் கையில் காசு வருகிறது. அந்தக் காசு சிகிச்சையில் சேர்ந்ததா, சேராததா? துக்கம், அவமானம், குற்ற உணர்வு, எதிர்காலம் அடைத்துப்போனது போன்ற இருட்டு, இவை மனதுக்குள் நடப்பவை. ஆனால் அவற்றைக் கேட்டுக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் ஒரு தொகை வந்துவிடுகிறது.

இதை எழுதுபவர் வளர்ந்தது திருச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில். அடுத்த வீட்டு அத்தை, பிறந்த குழந்தையைப் பறிகொடுத்தபின் பேச்சை நிறுத்திவிட்டார். உலை பொங்கி வழிந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அவருடைய மாமியார் செய்த முதல் காரியம் நன்றாக நினைவிருக்கிறது. பழைய வேட்டியில் கையகலத் துண்டு ஒன்றைக் கிழித்தார். மஞ்சளைக் குழைத்து அதில் முக்கிக் கொடியில் காயப்போட்டார். காய்ந்ததும் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து முடிந்து, பெருமாள் படத்து ஆணியில் மாட்டினார். "குணசீலத்துப் பெருமாளே, இவ எழுந்து நடமாடட்டும், உன் வாசலுக்குக் கூட்டிக்கிட்டு வந்துடறேன்." அன்றிலிருந்து பால் விற்ற காசில் கொஞ்சம் படத்துக்குக் கீழே இருந்த டப்பாவில் விழத் தொடங்கியது. பஸ்ஸுக்கும் அங்கே தங்கவும் ஆகும் அளவு சேர்ந்ததும் கிளம்பினார்கள். தெருவே நிறுத்தம்வரை போய் ஏற்றிவிட்டது. ஒரு வீட்டிலிருந்து போர்வை, இன்னொரு வீட்டிலிருந்து புளிச்சோறு.

காவிரியின் வடகரையில் இருக்கும் குணசீலத்துக்கு மனநோயாளிகளை அழைத்துவந்து 48 நாள், ஒரு மண்டலம் தங்கவைப்பது நெடுங்கால வழக்கம். அத்தை திரும்பி வந்தபோது பேசினார். குறைவாக, ஆனால் பேசினார்.

பின்னாளில் படித்த ஓர் ஆய்வு அவ்வப்போது நினைவுக்கு வரும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் பணியாற்றிய ரகுராமும் சக ஆய்வாளர்களும் எழுதியது; 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த, கடுமையான மனநோய் கொண்ட 31 பேரை அவர்கள் கவனித்தார்கள். அங்கே மருந்து இல்லை. விசேஷமான வைத்தியச் சடங்கும் இல்லை. காலையில் எளிய பூஜை, பிறகு கோயிலில் கூட்டிப் பெருக்குவது போன்ற சின்ன வேலைகள், கூடவே வீட்டு ஆள் ஒருவர். சராசரியாக ஆறு வாரத்தில் நோய்க்குறிகளின் அளவு சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. பயமுறுத்தாத, அரவணைக்கும் சூழலே காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

இதைப் படித்துவிட்டு பழைய வழியே போதும் என்று யாரும் நினைக்கக் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். அவர்களையும் யாரோ பஸ் காசு சேர்த்துத்தான் அங்கே கொண்டுபோய் விட்டிருப்பார்கள். போய்ச் சேரும் இடம் எது என்பது போவதற்கான காசைவிடச் சின்ன விஷயம் அல்ல.

ஆனால் அந்த மஞ்சள் முடிச்சு சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அந்த வீட்டில் வழிச்செலவு நோயின் முதல் நாளிலேயே நோயின் ஒரு பகுதி ஆகிவிட்டது. அதைச் சேர்க்கும் பொறுப்பு நோயாளியுடையது அல்ல. மாமியாருடையது, பாதி தெருவுடையது. மருத்துவ உலகம் இதைப் பெரும்பாலும் நோயாளியின் சொந்த விஷயமாக விட்டுவிடுகிறது. 'தயங்காமல் பேசுங்கள், உதவி கேளுங்கள்' என்று விளம்பரம் சொல்கிறது. படுக்கையை விட்டு எழவே முடியாமல் செய்யும் நோய் உள்ளவரிடம், எழுந்து வா என்று கேட்பது அது.

தேசிய மனநல ஆய்வு 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. மனநோய்களைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை என்றது அது. இன்னொரு விவரமும் அதில் இருக்கிறது. சிகிச்சை பெறும் குடும்பங்கள் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவழித்தன. முக்கியமாக சிகிச்சைக்கும், போய்வரும் செலவுக்கும்.

இதைப் புரிந்துகொண்டு செய்யப்பட்ட காரியங்களும் நம்மிடையே இருக்கின்றன. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010-இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸையே அனுப்பத் தொடங்கியது. உள்ளே ஆலோசனை அறை, சென்னையில் இருக்கும் மருத்துவரோடு பேசத் திரை, மருந்துக்கு ஓர் இடம். 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்து மனநல ஆலோசகரிடம் பேசலாம். தமிழ்நாட்டில் அந்தச் சேவைக்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய 15 டாலரைக் குறைத்திருக்கிறது. அதில் சந்தேகமே வேண்டாம்.

சந்தேகம் வேறிடத்தில். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005-இல் வெளியிட்ட நூலில், தற்கொலை எண்ணத்துக்கு அடியில் இருக்கும் உணர்வுகளில் முக்கியமான ஒன்றாக, தான் மற்றவர்களுக்குப் பாரம் என்ற எண்ணத்தைச் சொல்கிறார். இதைப் படித்தபின் அந்தத் தாயின் பதில் வேறு மாதிரி ஒலிக்கிறது. 15 டாலரைக் கடன் வாங்கத் தாய் அலைந்திருந்தால், மகள் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பாள்? எனக்காக வேண்டாம் அம்மா என்று அவளே தடுத்திருந்தால்? காசு இல்லாதது அவள் வழியை அடைத்தது ஒருபுறம். காசுக்காகப் பிறர் படும் பாடு அவள் நோயை வளர்த்திருக்கவும் கூடும்.

அப்படியானால், காசே கேட்காமல் பஸ் வந்து வாசலில் நின்றால் பாரம் என்ற அந்த எண்ணம் கரையுமா? எனக்காக இத்தனை பேர் வரவேண்டியிருக்கிறதே என்று இன்னும் கனக்குமா? பெஞ்சில் பாட்டி அருகில் அமரும்போது சிலருக்கு அது கரையக்கூடும் என்று நினைக்க அந்த 13.7 சதவீதம் இடம் தருகிறது. ஆனால் அந்தக் கணக்கில் இருப்பவர்கள் கிளினிக்வரை ஏற்கெனவே வந்து சேர்ந்தவர்கள். வராமலே இருந்துவிடுபவரிடம் எப்படிப் போவது, போனால் அவர் கதவைத் திறப்பாரா, திறக்க வைப்பது பாட்டியா, மருந்தா, பக்கத்து வீட்டுப் போர்வையா, ஆளுக்கு ஆள் எது முதலில் வேண்டும் என்பதை எவ்வளவு யோசித்தும் இங்கே தீர்த்துச் சொல்ல முடியவில்லை.