பயனை ஈட்டுபவர் யார்?

ஒரே பொருளைக் குறிக்க இரு நாட்டுத் தமிழர் இருவேறு சொற்களை வழங்குவதுண்டு. பணங்கொடுத்துப் பண்டங்களை வாங்கிப் பயன்படுத்துவோரைத் தமிழகத்தார் 'நுகர்வோர்' என்பர். மலேசியத் தமிழராகிய நாம் 'பயனீட்டாளர்' என்போம். இரண்டும் ஒருபொருட்சொற்கள் என்றே பல்லாண்டுகள் மாணவர்க்குக் கற்பித்து வந்தேன். சென்ற தீபாவளிக்குப்பின் என் பேரன் கேட்ட ஒரு கேள்வியே, அவ்விரண்டிற்கும் இடையே நீண்டதொரு வழி கிடக்கிறது என்பதை எனக்கு உணர்த்திற்று.

அவனுக்கு வயது பதினான்கு. இரண்டு தீபாவளிகளில் கிடைத்த அங்பாவ் பணத்தைச் செலவழிக்காமல் சேர்த்துவைத்து, 120 வெள்ளிக்கு ஒரு காணொளி விளையாட்டை இணையத்தின்வழி வாங்கியிருந்தான். ஒரு நாள் மாலை அதனைத் திறந்தபோது, அவ்விளையாட்டின் சேவை முடிவுற்றது என்னும் அறிவிப்பு மட்டுமே திரையில் தோன்றியது. விளையாட்டை நடத்தி வந்த நிறுவனம் தன் கணினிகளை நிறுத்திவிட்டது. பேரன் அழவில்லை, சினக்கவுமில்லை. என்னிடம் வந்து, "தாத்தா, காசு கொடுத்து வாங்கினதுதானே? என் பொருளை அவங்க எப்படி எடுத்துக்கலாம்?" என்றான்.

ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய எனக்கு உடனே விடைகூற நா எழவில்லை. அவன் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திய நிபந்தனைகளைக் கண்ணாடி அணிந்து முழுவதும் படித்தேன். அவனுக்கு விற்கப்பட்டது விளையாட்டு அன்று; அதனைப் பயன்படுத்துவதற்கான உரிமம் மட்டுமே என்றும், அவ்வுரிமத்தை நிறுவனம் எப்போது வேண்டுமாயினும் முடித்துக்கொள்ளலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. ஆனால் கடையின் பக்கத்திலோ 'வாங்குக' என்னும் சொல்தான் பெரிய எழுத்தில் இருந்தது.

இஃது ஒரு சிறுவனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2009-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' என்னும் புதினத்தின் ஒரு மின்பதிப்பை, அதற்குரிய உரிமை விற்றவரிடம் இல்லை என்னும் காரணத்தால், வாசகர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் நிறுவனம் அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத்தின் தலைவரும் பின்னர் மன்னிப்புக் கேட்டார். எனினும் வீட்டுக்குள் இருக்கும் நூலைக் கடைக்காரர் வெளியிலிருந்தே எடுத்துச் செல்லக்கூடும் என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது. 2014-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'தி க்ரூ' என்னும் விளையாட்டு, 2024 மார்ச் 31-ஆம் நாள் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. மின்வடிவப் பண்டங்களை விற்போர், தாம் தருவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்னும் சொல்லைக் கையாளலாகாது என்பது அதன் சாரம்.

ஒரு சொல்லின் பொருளைக் காப்பதற்குச் சட்டம் வரவேண்டிய காலம் இது. தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியன்றோ?

என் தந்தையார் ஜுருப் பகுதித் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். 1968-இல் அவர் தவணை முறையில் ஒரு வானொலிப் பெட்டியை வாங்கினார். மாதந்தோறும் தவணை கட்டிய அந்த ஒன்றரை ஆண்டுக் காலமும் அதனை 'நம் பெட்டி' என்று அவர் சொன்னதேயில்லை. 'கடைக்காரர் பெட்டி' என்றே சொல்வார். கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வந்த நாளில் அதற்குச் சந்தனமிட்டுப் பூச்சூட்டினார். எழுத்தறிவு அதிகமில்லாத அவர், வாடகைக் கொள்முதலின் உட்பொருளைச் செம்மையாக அறிந்திருந்தார். அதற்கென 1967-இல் இந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டமும், இறுதித் தவணைக்குப் பின்னரே உடைமை கைமாறும் என்னும் அடிப்படையில் அமைந்ததுதான்.

அப்பெட்டி பழுதுற்றபோதெல்லாம் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சீனர் அதனைத் திறந்து சரிசெய்து தந்தார். லயத்தில் திருமணம் நடந்தால் அது அந்த வீட்டுக்குப் போகும். தந்தையார் மறைந்தபின் என்னிடம் வந்தது. பழுதுபார்க்கலாம், இரவல் தரலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். உடைமைக்கு இம்மூன்றுமே அடையாளங்கள் எனலாம். ஏழைத் தொழிலாளி சிறுகச் சிறுகக் கட்டி முடித்து உடைமையாளர் ஆனார். அவருடைய கொள்ளுப்பேரனோ முழுத்தொகையையும் முதல் நாளே கட்டியும் உடைமையாளன் ஆகவில்லை.

'இரண்டாண்டுகள் விளையாடி மகிழ்ந்தானே, அது போதாதா? திரைப்படத்திற்குச் சீட்டு வாங்குகிறோம். படம் முடிந்ததும் வெளியே வந்துவிடுகிறோம். திரையரங்கை நம்முடையது என்று கேட்கிறோமா?' என்று ஒருவர் வினவலாம். வினா நேர்மையானதே. உரிமம் பெறுவதில் தவறில்லை. வாடகை வீட்டில் குடியிருப்பதும் இழிவன்று. ஆனால் திரையரங்கில், படம் எப்போது முடியும் என்பதை அறிந்தே உள்ளே செல்கிறோம். வாடகை வீட்டை எவரும் 'விற்பனைக்கு' என்று விளம்பரம் செய்வதில்லை. வாடகையை விற்பனை என்று சொல்வதே இங்குள்ள குற்றம். ஆகவே, அறத்தின் முதல் படி சொல்லைச் செவ்வையாக ஆளுவதாகும்.

இவ்வளவையும் பேரனுக்கு விளக்கி, விற்றவர் பக்கமே பிழை என்று தீர்ப்பும் கூறிவிட்டேன். அவன் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என் மேசை இழுப்பறையைத் திறந்தான். அதனுள் நான்கு பழைய கைத்தொலைபேசிகள் கிடந்தன. ஒன்றின் மின்கலம் வலுவிழந்தது. ஒன்றின் திரையில் கீறல். மற்ற இரண்டில் குறையொன்றும் இல்லை. "இதெல்லாம் உங்களுதுதானே தாத்தா? ஏன் சும்மா கிடக்குது?" என்றான்.

அவை என்னுடையவைதாம். அவற்றைப் பழுதுபார்க்க எனக்கு உரிமையுண்டு, பார்க்கவில்லை. பிறர்க்குத் தர உரிமையுண்டு, தரவில்லை. பயன் இருந்தும் உடைமை இல்லாதவன் அவன். உடைமை இருந்தும் பயன் கொள்ளாதவன் நான். எங்களுள் பெரிய இழப்பு யாருடையது? திருக்குறளில் 'நன்றியில் செல்வம்' என்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், தானும் துய்க்காது பிறர்க்கும் ஈயாது குவித்து வைப்பவனைக் கடிந்துரைக்கிறார். அவ்வதிகாரத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். என் இழுப்பறை ஒருமுறையும் நினைவுக்கு வந்ததில்லை.

'ஈட்டுதல்' என்பது முயன்று தேடிச் சேர்த்தல். பணம் கொடுத்தால் பண்டம் கிடைக்கும். பயன் கிடைப்பதற்கு அறிந்து வாங்குதலும், பேணுதலும், பழுதுற்றால் சீர்செய்தலும், வேண்டாதபோது வேண்டியவரிடம் சேர்த்தலும் வேண்டும். இம்முயற்சிக்குச் சட்டத்தின் துணையும் ஓரளவு உண்டு. பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகங்களும் நியாயமான காலம்வரை கிடைக்க உற்பத்தியாளர் ஆவன செய்தல் வேண்டும் என்பதை, 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் ஓர் உத்தரவாதமாகவே கூறுகிறது. எனினும், அவ்வசதி இல்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் உற்பத்தியாளர் விலக்குப் பெறவும் அதில் வழியுண்டு. கேளாமல் வாங்குபவனைக் காக்கச் சட்டத்திற்கும் கைகள் போதா.

இனி, விலையைக் கொடுத்ததோடு நம் கணக்குத் தீர்ந்துவிடுகிறதா என்பது அடுத்த வினா. ஜுருவில் வாழ்பவர்க்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1972-இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வளாகம் அமைந்தது. இன்டெல் போன்ற மின்னியல் நிறுவனங்கள் வந்தன. தோட்டத்து லயங்களிலிருந்து நம் பெண்கள் அங்கே வேலைக்குச் சென்றனர். என் அக்காளும் அவர்களுள் ஒருத்தி. பாலம் திறக்கப்படாத காலம் அது. பட்டர்வொர்த்தில் பெரி ஏறிக் கடல் கடந்து செல்வாள். நாள்முழுதும் நுண்ணோக்கியில் கண்பதித்து, மயிரினும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் பொருத்துவாள். வீடு திரும்பியதும் ஈரத்துணியால் கண்களை மூடிக்கொண்டு படுத்திருப்பாள். அவள் சம்பளத்தில்தான் நான் நூல்கள் வாங்கிப் படித்து ஆசிரியனானேன்.

அதே பத்தாண்டில்தான், ஜுரு ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள கோலா ஜுரு மீனவர்கள், தொழிற்பேட்டைக் கழிவால் ஆறு கெட்டு மீன்வளம் குன்றியதை எதிர்த்துக் குரல் எழுப்பினர். பின்னர் அவர்கள் ஒன்றுகூடி, கெராங் என்று மலாயில் வழங்கும் மட்டி வளர்ப்பைக் கூட்டுறவு முறையில் நடத்தினர். 1969-இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்கள் பக்கம் நின்றது. அதன் நெடுங்காலத் தலைவர், 2019-இல் மறைந்த எஸ்.எம். முகம்மது இத்ரிஸ், தமிழகத்தில் பிறந்தவர். பண்டத்தின் எடையையும் விலையையும் தரத்தையும் மட்டும் கேட்பதோடு நில்லாமல், அப்பண்டம் பிறக்கையில் எந்த ஆறு கெட்டது என்பதையும் கேட்பது பயனீட்டாளர் கடமை என்பது அவ்வியக்கம் நமக்கு உணர்த்திய பாடம்.

'அப்படியாயின் எதையும் வாங்காதிருப்பதே அறமா? வாங்குவார் இல்லையேல் உம் அக்காளுக்கு வேலை ஏது?' என்று கேட்பின், அதுவும் நியாயமே. அத்தொழிற்சாலைகள் பல குடும்பங்களைக் கரையேற்றின. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. வாங்காதே என்று நான் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் கண்ணொளியும் ஓர் ஆற்றின் தூய்மையும் செலவாகிப் பிறந்த கருவியை, ஈராண்டில் இழுப்பறைக்குள் எறிந்துவிட நமக்கு உரிமை உண்டா என்றே கேட்கிறேன். விலைச்சீட்டு அவ்விரண்டையும் கணக்கிற் கொள்வதில்லை. நீண்டநாள் பயன்கொள்ளுதலே அவற்றிற்கு நாம் செலுத்தக்கூடிய எஞ்சிய தவணை. பயன் தீர்ந்தபின் கண்ட இடத்தில் எறிதலும் தகாது. மின்னியல் கழிவுகளைத் தனியே கையாளவேண்டிய கழிவுகளாக 2005-ஆம் ஆண்டு விதிகள் வகைப்படுத்தியுள்ளன.

விளையாட்டைப் பற்றியும் ஒரு சொல். விளையாடுவதே வீண் என்பாருடன் நான் உடன்படேன். பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும் ஆடிய மரபினர் நாம். என் பேரனின் விளையாட்டில் பொறுமையும் திட்டமிடலும் தோழமையும் உண்டு. ஆனால் சில விளையாட்டுகளில், உள்ளே இருப்பது யாதெனத் தெரியாத பெட்டிகளைப் பணத்திற்கு விற்கிறார்கள். நற்பேறு வாய்த்தால் அரிய பொருள். இல்லையேல் மீண்டும் பணம். 2018-இல் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம், இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதே என்று தீர்த்துரைத்தது. சூதில் பெறும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டிலுக்கு வள்ளுவர் ஒப்பிட்டது நினைவுக்கு வருகிறது. வாழ்வின் பிற கடமைகளையெல்லாம் விழுங்கிவிடும் விளையாட்டு வேட்கையை, 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் ஒரு கோளாறாக ஏற்றுள்ளது.

இங்குத்தான் 'பயனீட்டாளர்' என்னும் சொல் நம்மை நோக்கித் திரும்புகிறது. கருவியைக் கையில் வைத்திருப்பவன் அதன்வழிப் பயன் ஈட்டுகிறானா, அல்லது அவன் நேரத்தையும் ஆசையையும் கொண்டு வேறொருவர் பயன் ஈட்டுகிறாரா? முன்னவன் பயனீட்டாளன், பின்னவன் பயனாக ஈட்டப்பட்டவன்.

இப்போது பேரன் ஒரு புதிய விளையாட்டுக் கருவி வேண்டும் என்கிறான். மறுக்கவில்லை, ஆறு மாதம் பொறுத்திரு என்றேன். அதற்குள் மூன்று வினாக்களுக்கு அவன் விடை கொண்டுவர வேண்டும். வாங்கினால் அது நம்முடையது ஆகுமா? பழுதுற்றால் சரிசெய்ய இயலுமா? நமக்கு வேண்டாதபோது இன்னொருவருக்குப் பயன்படுமா? ஈடாக அவனும் எனக்கொரு நிபந்தனை விதித்தான்: அந்த ஆறு மாதத்திற்குள் என் இழுப்பறை காலியாக வேண்டும்.

குறையில்லாத இரண்டு தொலைபேசிகளும் அண்டை வீட்டுப் பிள்ளைகளிடம் சென்றுவிட்டன. திரை கீறியது அக்காளிடம் சென்றது. எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால் அவள் கண்களுக்கு அதுவே போதுமாம். நான்காவதற்குப் பொருந்தும் மின்கலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கடைக்காரர், "புதுசே வாங்கிடலாமே, சார்" என்கிறார். பேரன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.