வாங்கும் கை

கொடுப்பதைப் பற்றி நம்மிடம் எத்தனையோ நூல்கள் உண்டு. வாங்குவதைப் பற்றி அவ்வளவு இல்லை. கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே என்று பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படித்ததோடு அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதை எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் நேர்வதில்லை. ஓர் ஆற்றங்கரையோடு நாலு நாள் நடக்கப் புறப்படுகிறவனுக்கு மட்டும் அந்த அவசியம் வந்துவிடுகிறது.

ஆற்றங்கரையில் நடப்பவர்கள் இரண்டு வகை. முதல் வகையினர் எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு போகிறார்கள். மடக்கினால் தலையணை அளவே இருக்கும் கூடாரம், கையகல அடுப்பு, வெந்நீர் ஊற்றினால் உணவாகிவிடும் பொட்டலங்கள், விளக்கு, மருந்து. இப்படி மலையும் ஆறும் தேடிப் போய்வருகிற நண்பர் ஒருவர், "நாலு நாளும் ஒருவரிடம்கூட ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கவில்லை, ஸார்!" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது. யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. தாம் போட்ட குப்பையைத் தாமே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். நல்ல மனிதர். ஆனால் அந்த ஆற்றின் கரையில் எத்தனை ஊர்கள் இருந்தன, அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை.

இரண்டாவது வகையினரைப் பார்க்க வேண்டுமானால் நர்மதைக்குப் போக வேண்டும். மைகல் மலையில் அமர்கண்டக்கில் பிறந்து, விந்தியத்துக்கும் சாத்பூராவுக்கும் நடுவே மேற்கு நோக்கி 1,312 கிலோமீட்டர் ஓடி, பரூச் நகருக்கு அப்பால் காம்பே வளைகுடாவில் விழுகிற நதி அது. ஜபல்பூருக்கு அருகே பேடாகாட்டில், வெள்ளைச் சலவைக்கல் பாறைகளின் நடுவே அது ஒடுங்கிப் போகும் இடத்தை நிலவொளியில் பார்க்கவே ஜனங்கள் தூரதேசங்களிலிருந்து வருகிறார்கள். கோயிலை வலம் வருவதுபோல் இந்த நதி முழுவதையுமே வலம் வருகிறவர்கள் உண்டு. அதற்குப் பரிக்கிரமா என்று பெயர். நதி எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். நடுவில் எங்கேயும் அதைக் கடக்கக் கூடாது. கடலோடு கலக்குமிடத்தில் மட்டும் படகேறி அக்கரை சேர்ந்து, மறுபடி மேல்நோக்கி நடக்க வேண்டும். மழைக்காலம் நாலு மாதமும் ஓரிடத்தில் தங்கிவிட வேண்டும். பழைய முறைப்படி முடிக்க மூன்று வருஷம், மூன்று மாதம், பதின்மூன்று நாள் ஆகும் என்பது கணக்கு.

இவர்கள் கொண்டுபோவது ஒரு கோல், ஒரு சிறு பாத்திரத்தில் நதிநீர், ஒரு போர்வை, ஒரு பை. கூடாரம் கிடையாது. பொழுது சாயும் இடத்தில் உள்ள கோயில் மண்டபமோ, சத்திரமோ, ஒரு குடியானவன் வீட்டுத் திண்ணையோதான் படுக்கை. 'நர்மதே ஹர்' என்று வாசலில் குரல் கொடுத்தால் உள்ளேயிருந்து கோதுமை மாவும் பருப்பும் உப்பும் வரும். சதாவர்த் என்று அதற்குப் பெயர். சில வீடுகளில் சுட்ட ரொட்டியே வந்துவிடும். வருகிறவன் யார், என்ன ஜாதி, ஏன் நடக்கிறான் என்ற விசாரணை அதிகம் இராது.

துறவிகளும் வயோதிகர்களும்தான் இப்படி நடந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அம்ருத்லால் வேகட் என்பவர் ஜபல்பூர்க்காரர். சாந்திநிகேதனில் படித்த ஓவியர், ஆசிரியர். 1977-ல், ஐம்பதை எட்டப்போகிற வயதில், நர்மதைக் கரையில் நடக்கத் தொடங்கினார். ஒரே மூச்சில் அல்ல; அவகாசம் கிடைத்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, பல வருஷங்கள் நடந்தார். நடந்ததை எழுதவும் செய்தார். அவருடைய புத்தகத்தின் பெயருக்கே 'அழகின் நதி நர்மதை' என்று அர்த்தம். 2018-ல் அவர் காலமானார். மாதச் சம்பளம் வாங்கிய இந்த மனிதரும் வழியில் ஏழைகளின் திண்ணையில் படுத்து, அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டுத்தான் நடந்தார்.

இங்கேதான் கேள்வி எழுகிறது. சம்பளக்காரன் ஒருவன், அழகை ரசிக்கப் போன இடத்தில், அரை வயிறு உண்பவனின் மாவில் பங்கு வாங்கலாமா? அது தர்மமா?

கூடாது என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வள்ளுவரைத் திறந்து பார்த்தால் அவரோ 'இரவு' என்று ஓர் அதிகாரத்தையும், அதற்கு அடுத்தாற்போல 'இரவச்சம்' என்று இன்னோர் அதிகாரத்தையும் வைத்திருக்கிறார். கேட்பதிலும் ஓர் அழகு உண்டு என்று ஒன்றில் சொல்லிவிட்டு, கேட்பதைப் போலக் கொடியது வேறில்லை என்று மற்றதில் சொல்கிறார். அவர் முரண்படுகிறார் என்று நான் நினைக்கவில்லை. கேட்பது ஒரே செயலாக இருந்தாலும், கேட்கிறவனின் மனசு ஒன்றாக இருப்பதில்லை. உழைக்க மனமில்லாமல் நீட்டுகிற கை ஒன்று. 'உன்னால்தான் இன்று நான் உண்டேன்' என்று ஒப்புக்கொண்டு நீட்டுகிற கை வேறொன்று.

'அதெல்லாம் எதற்கு? காசு கொடுத்துவிட்டால் தீர்ந்ததே!' என்பீர்கள். விலைக்கு விற்கிறவனிடம் விலை கொடுக்கத்தான் வேண்டும். அதில் பேரம் பேசுவதுகூடத் தவறு. ஆனால் காசுக்கு ஒரு குணம் உண்டு. கொடுத்த மாத்திரத்தில் கணக்குத் தீர்ந்துவிட்டது என்ற நினைப்பை அது உண்டாக்கிவிடுகிறது. கணக்குத் தீர்ந்த இடத்தில் முகம் மறந்துபோகிறது. நண்பருடைய பையிலிருந்த அரிசியையும் யாரோ விளைவித்தார்கள். அடுப்பில் எரிந்த வாயுவை யாரோ பூமிக்கடியிலிருந்து எடுத்தார்கள். அவரும் நாலு நாளும் வாங்கித்தான் சாப்பிட்டார். யாரிடம் வாங்கினோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

நர்மதைக் கரையிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. நதியின் கீழ்ப்பகுதியில் சூல்பாணேசுவரர் காடு என்று ஒன்று உண்டு. அங்கே பில் என்னும் பழங்குடி மக்கள் வழிமறித்து, வலம் வருகிறவர்களிடமிருந்து இருப்பதையெல்லாம் பறித்துக்கொள்வார்கள் என்பது நடந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த செய்தி. சிலருக்குக் கோவணம்தான் மிஞ்சுமாம். நதித்தாய் நம் பாரத்தை இறக்கிவைத்தாள் என்று அவர்கள் மனத்தைத் தேற்றிக்கொள்வார்களாம். நான் அவ்வளவு பக்குவப்பட்டவன் அல்ல. பறித்தால் அது பறித்தல்தான். ஆனால் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1961-ல் நேரு அடிக்கல் நாட்டிய சர்தார் சரோவர் அணை 2017-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உயரம் 138.68 மீட்டர். அதன் நீர் பின்வாங்கி மேலேறிய பள்ளத்தாக்கில், அந்தக் காட்டின் ஒரு பகுதியும் பழைய நடைபாதையும் பில் மக்களின் ஊர்களும் மூழ்கிப்போயின. வலம் வருகிறவர்கள் இப்போது சுற்றுவழியில் போகிறார்கள். அந்த ஜனங்கள் எடுத்தது வழிப்போக்கனின் மூட்டையை. அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டதோ, வீடும் வயலும் பாட்டன் பூட்டன் எலும்பு கிடந்த மண்ணும்.

அணையே கூடாது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்தத் தண்ணீர் கட்ச் வரையில் போகிறது. அங்கே வறண்ட ஊரில் குடிநீருக்காகக் குடத்தோடு நடந்த பெண்ணிடம் போய் நான் நியாயம் பேச முடியாது. நான் சொல்வது வேறு. மூட்டையைப் பறித்தவனைத் திருடன் என்கிறோம். ஊரையே வாங்கிக்கொண்ட நமக்கு, வாங்கினோம் என்ற நினைவுகூட இல்லை. நஷ்டஈடு என்று ஒரு தொகையை எழுதிக் கணக்கை முடித்துவிட்டோம். அந்தத் தொகையும் நிலமும் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று அங்கே வருஷக்கணக்காக வழக்கும் போராட்டமும் நடந்தன. எந்த ஊரில் குழாயைத் திறந்தாலும், விளக்கைப் போட்டாலும், அதன் மறுமுனையில் எங்கோ ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. நாமும் தினந்தோறும் யாருடைய வாசலிலோதான் நிற்கிறோம். குரல் கொடுக்காமல் நிற்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

ஆகையால் நதிக்கரையில் ரொட்டி வாங்கித் தின்றவனை நான் தாழ்ந்தவனாக எண்ணவில்லை. அவனுக்குக் கொடுத்தவளின் முகம் தெரியும். அடுப்படியில் எவ்வளவு மாவு இருந்தது என்பதும் தெரியும். அதனால் அரை ரொட்டியோடு எழுந்துவிடவும் அவனுக்குத் தெரிகிறது. அளவோடு வாங்குவதை அந்த அறிவுதான் கற்றுக்கொடுக்கிறது. கொடுத்தவளுக்கு ஓர் ஆபத்து என்றால் அவன் காதில் அது விழும், விழுந்தால் உறைக்கும்.

ஆற்றங்கரைக்கு நடக்கப் போகிறவர்கள் கூடாரமும் அடுப்பும் கொண்டுபோகட்டும். குப்பையைத் திருப்பி எடுத்து வரட்டும். ஆனால் ஒரு வேளையாவது ஏதாவதொரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கட்டும். கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் வேண்டியதுதான். ஊருக்குத் திரும்பிக் குழாயைத் திறக்கும்போதும் அது கொஞ்சம் மிஞ்சியிருந்தால், நடந்த நடை வீண்போகவில்லை.