முடியாது என்று சொல்ல முப்பது விநாடி

கம்ப்யூட்டர் திடீரென்று ஸ்தம்பித்துவிடும். மவுஸ் நகரும், ஆனால் எதைத் தட்டினாலும் திறக்காது. பெட்டியில் அந்தச் சின்ன விளக்கு மட்டும் அணையாமல் எரியும். 'சனியன், தூங்கிருச்சு' என்று திட்டுவீர்கள். பல சமயம் உண்மை நேர்மாறு. அது உயிரைக் கொடுத்து உழைத்துக்கொண்டிருக்கும்.

விஷயம் இதுதான். ஹார்ட் டிஸ்கில் ஏதோ ஓர் இடத்தில் எழுதியதைப் படிக்க முடியவில்லை. சின்னப் பிழை என்றால் டிஸ்க்கே சரிசெய்துகொள்ளும். ரிச்சர்ட் ஹாமிங் 1950-ல் வெளியிட்ட பிழை திருத்தும் கணக்கின் வாரிசுகள் அதற்குள் இருக்கின்றன. அதற்கும் மசியாவிட்டால், தட்டு இன்னொரு சுற்று வரும்வரை காத்திருந்து மறுபடி படிக்கும். மறுபடி. மறுபடி. நிமிஷத்துக்கு 7,200 தடவை சுற்றுகிற டிஸ்க் என்றால், ஒரு நிமிஷத்தில் 7,200 சந்தர்ப்பம். வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்க்குகள் சில ஒரு நிமிஷத்துக்கு மேலும் இப்படி முட்டிக்கொண்டிருக்கும். விக்கிரமாதித்தன் தோற்றான்.

டிஸ்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே பேசிக்கொடுக்க 'டிரைவர்' என்று ஒரு புரோகிராம் உண்டு. லினக்ஸில் இது ஒரு வேலையைச் சொல்லிவிட்டுப் பதிலுக்காக வழக்கமாக 30 விநாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால், 'அந்த வேலையை விடு' என்று சொல்லும். கேட்காவிட்டால் டிஸ்கை ரீசெட் செய்யும். அதுவும் பலிக்காவிட்டால் அது பேசுகிற வழியையே, கடைசியில் அது மாட்டியிருக்கும் கார்டையே ரீசெட் செய்யும். ஒவ்வொரு படிக்கும் நேரம் ஆகும். கூத்து என்னவென்றால், அதே கார்டில் இருக்கிற மற்ற டிஸ்க்குகளும் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவை செய்த பாவம் ஒன்றுமில்லை. அக்கம்பக்கத்தில் ஒருவர் விடாமுயற்சியில் இருக்கிறார், அவ்வளவே.

பேங்க் மாதிரி இடங்களில் ஒரே தகவலை இரண்டு டிஸ்கில் எழுதிவைப்பார்கள். இதற்குப் பெயர் 'ரெய்டு'. (வருமான வரி ஆபீசர்கள் வரமாட்டார்கள், பயப்படாதீர்கள்.) இதற்கென்று தயாராகும் டிஸ்க்குகளில், பெரும்பாலும் ஏழு விநாடிதான் கெடு. அதற்குள் படிக்க முடியாவிட்டால், 'என்னால் ஆகவில்லை, பக்கத்து டிஸ்கில் கேட்டுக்கொள்' என்று சொல்லிவிடும். வேலை நடக்கும்.

வீட்டு டிஸ்கைக் கொண்டுபோய் அங்கே மாட்டினால்? அது வாயே திறக்காமல் ஒரு நிமிஷம் போராடும். டிரைவரின் பொறுமை 30 விநாடியில் தீர்ந்துவிடும். கெட்டது ஒரு சின்னப் புள்ளிதான். ஆனால் டிஸ்க் மொத்தமும் செத்துவிட்டதாக முடிவுகட்டி வெளியே தள்ளிவிடுவார்கள். 'முயன்றுகொண்டிருக்கிறேன்' என்று சொல்லாமலே முயல்கிறவனுக்கு, உலகமும் பல சமயம் இதைத்தான் செய்கிறது.

திருச்செங்கோட்டில் இதைச் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் போர் வண்டி அனுப்புகிற ஊர். 600 அடி போயாகிவிட்டது, வெறும் தூசிதான் பறக்கிறது. தோட்டக்காரர் கேட்பார், "இன்னொரு அம்பதடி போலாமுங்களா?" காமர்ஸ் பாடத்தில் 'சங்க் காஸ்ட்' என்று வரும். போன பணம் போனதுதான். 600 அடிக்குக் கொடுத்ததற்கும் அடுத்த 50 அடியில் தண்ணீர் இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பாடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. வண்டிக்காரருக்கு அடிக்கணக்கில்தான் கூலி. ஆழம் கூடக் கூட ரேட்டும் கூடும். "போதுங்ணா, நிறுத்திக்கலாம்" என்று அவர் சொன்னால், நஷ்டம் அவருக்கு. சொல்லாவிட்டால், அந்த வீட்டுப் பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் பாறைக்குள் போகும். அப்படியும் சொல்கிறவரை நான் மதிக்கிறேன்.

திருவள்ளுவர் விடாமுயற்சிக்கு ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரம் எழுதினார். காலமறிதல் என்றும் ஓர் அதிகாரம் எழுதினார். நாம் பிள்ளைகளுக்கு முதலாவதை மட்டும் மனப்பாடம் செய்விக்கிறோம்.

சொந்தக்காரர் ஒருவர் உங்களிடம் ஃபீஸ் கட்டக் கடன் கேட்கிறார். நீங்கள் "பாக்கலாம்" என்கிறீர்கள். பொய் இல்லை, நிஜமாகவே நாலு இடத்தில் முயல்கிறீர்கள். கடைசித் தேதிக்கு முதல் நாள் ராத்திரி, "ஏற்பாடு ஆகலைங்க" என்கிறீர்கள். உங்கள் மனசாட்சி சுத்தம். ஆனால் முதல் நாளே 'இல்லை' என்றிருந்தால் அவர் வேறு இரண்டு கதவைத் தட்டியிருப்பாரே! உங்கள் முயற்சிக்கான செலவு உங்களுக்கு ஆகவில்லை. காத்திருந்தவருக்கு ஆயிற்று.

அப்படியானால் எல்லாவற்றையும் ஏழு விநாடியில் கைகழுவிவிடலாமா? கூடாது. வீட்டு டிஸ்க் பிடிவாதமாக முட்டுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் அம்மாவின் ஒரே போட்டோ அதில் இருக்கலாம். வேறு பிரதி கிடையாது. அங்கே ஏழு விநாடியில் கைவிரிப்பதுதான் துரோகம். சீக்காய்க் கிடக்கும் குழந்தைக்கும் இரண்டாம் பிரதி கிடையாது. அங்கே கெடுவாவது ஒன்றாவது.

ஆகவே, எவ்வளவு நேரம் முயல வேண்டும் என்பதை முயல்கிறவனின் வைராக்கியத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. காத்திருக்கிறவருக்கு வேறு வழி இருக்கிறதா, நான் இன்னும் முயல்கிறேன் என்பது அவருக்குத் தெரியுமா, இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

இந்தத் தாமதத்துக்கு மருந்தாக, 2013-ல் லினக்ஸுக்கு 'டெட்லைன்' என்று ஒரு வசதி எழுதினார்கள். இத்தனை விநாடிக்கு மேல் மெல்ல மெல்லப் படியேறிக்கொண்டிருக்காதே, நேரே கடைசிப் படிக்குப் போ என்று கெடு வைக்கலாம். எத்தனை விநாடி என்று அவர்களே ஒரு எண்ணை நிரப்பிவைக்கவில்லை. வரும்போது அந்த வசதி அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். யார் காத்திருக்கிறார்கள் என்பது எழுதியவருக்குத் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது. தெரிந்தவர்தான் எண்ணைப் போட வேண்டும்.

உங்கள் விஷயத்தில், அது நீங்கள்தான்.