மேல் மாடிக் கிண்ணம்

ஜூலை. இஸ்தான்புல், உஸ்குதார். இரண்டாம் மாடி. ஜன்னல் திறந்திருக்கிறது. கீழே எங்கோ படகின் சங்கு.

மணி அடிக்கிறது. யாரும் வருவதாக இல்லை.

மேல் மாடிப் பாட்டியின் பேரன். தட்டில் ஆறு கண்ணாடிக் கிண்ணங்கள். ஒன்றை எடுத்து நீட்டுகிறான்.

"அஷூரே."

அவ்வளவுதான். செருப்புச் சத்தம் படியிறங்குகிறது.

இன்னும் சூடு ஆறவில்லை. உள்ளங்கையில் அது மட்டும், கொஞ்ச நேரம்.

மெல்லிய ஏடு. அதன்மேல் மாதுளை முத்துகள், நொறுக்கிய வால்நட், பட்டைத்தூள்.

கரண்டி இறங்குகிறது. குழைந்த கோதுமை. வெள்ளை பீன்ஸ். உலர்ந்த அத்தி. பிறகு பல்லில் உருண்டையாக ஒன்று.

கொண்டைக்கடலை.

சுண்டலில் பழகிய முகம். இங்கே இனிப்பில் உட்கார்ந்திருக்கிறது. நாக்கு தயங்குகிறது. அடுத்த வாயில் தயக்கம் இல்லை.

மூக்கு ஏலக்காயைத் தேடுகிறது. பன்னீர் வருகிறது.

முஹர்ரம் 10-க்கான இனிப்பு இது. வெள்ளம் வடிந்து நூஹ் நபியின் கப்பல் தரைதட்டியபோது, மூட்டைகளின் அடியில் மிஞ்சியதையெல்லாம் ஒரே பானையில் போட்டார்களாம். இதைச் சின்னப் பாத்திரத்தில் கிண்ட யாருக்கும் வராது போலிருக்கிறது. இந்நகரத்து ஆர்மீனியர்கள் கிட்டத்தட்ட இதையே கிறிஸ்துமஸுக்குச் செய்கிறார்கள். அனுஷாபூர் என்று பெயர்.

சொல்லியிருக்க வேண்டியது இப்போது வருகிறது. 'எல்லெரினிஸே சாலிக்.' சமைத்த கைகள் நலமாயிருக்கட்டும்.

படிக்கட்டில் யாரும் இல்லை.

ஓரத்தில் ஒட்டிய ஒரு கோதுமை மணி. விரலால் எடுக்கிறேன்.

கிண்ணத்தைக் கழுவுகிறேன். தண்ணீர் ஓடுகிறது.

வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது. அம்மா ஒரு கை சர்க்கரையாவது போட்டு அனுப்புவாள். இந்த ஊரிலும் அப்படித்தான்.

அலமாரியில் ரவை இருக்கிறது. கேசரி கிளறலாம்.

இங்கே ரவை அல்வா என்றால் முதலில் நினைவுக்கு வருவது துக்க வீடு. வெண்ணெயில் ரவை வறுபடும் வாசனையில் இறந்தவரைப் பேசிக்கொண்டே கிளறுவார்கள்.

பொட்டலம் கையில் இருக்கிறது. கனமில்லை.

திரும்ப வைக்கிறேன்.

மேலே நாற்காலி நகர்கிறது. பாட்டி எழுந்திருக்கிறாள். அல்லது உட்கார்ந்திருக்கிறாள்.

வெயில் சுவரில் ஏறுகிறது.

சமையல் மேடையில் கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. விளிம்பைச் சுற்றி ஈரம்.