கடுகின் உறவுக்காரர்கள்

பொதுக்காலம் 11-ஆம் ஞாயிறு
எசே 17:22-24, 2 கொரி 5:6-10, மாற் 4:26-34



முதல் வாசகத்தில் எசேக்கியேல் கேதுரு மரத்தைக் காட்டுகிறார். உயர்ந்த மலை, அதன்மேல் ஆண்டவரே நட்ட இளங்கிளை, அதன் நிழலில் எல்லா வகைப் பறவைகளும். நாடிழந்து பாபிலோனில் கிடந்த மக்களுக்கு அந்தக் கனவு தேவைப்பட்டது. நற்செய்தியில் ஆண்டவர் இயேசு அதே பறவைகளையும் அதே நிழலையும் எடுத்துக்கொள்கிறார்; மரத்தை மட்டும் மாற்றிவிடுகிறார். கேதுரு இருந்த இடத்தில் கடுகுச் செடி நிற்கிறது.

நமக்கும் கேதுரு ஆசை உண்டு. 1542-இல் புனித சவேரியார் வந்து இறங்கிய கரை, முத்துக்குளித்துறை, வானுயர்ந்த கோபுரங்கள் என்று பெருமை பேச நமக்கு நிறையவே இருக்கிறது. இயேசுவோ இறையாட்சியை விளக்க ஒரு தோட்டத்துச் செடியைத்தான் தேடிப் பிடிக்கிறார்.

அது எந்தச் செடி? கருங்கடுகுதான் என்பது விவிலிய அறிஞர்கள் பெரும்பாலோர் கருத்து. ஆனால் 1840களில் ராயில் என்ற தாவரவியலாளர் வேறொன்றைச் சொன்னார். சஹாரன்பூர் தாவரவியல் தோட்டத்தைக் கவனித்துவந்தவர் அவர். யோர்தான் பள்ளத்தாக்கிலும் சாக்கடல் ஓரத்திலும் வளரும் 'சால்வடோரா பெர்சிகா' என்ற மரமே அந்தக் கடுகு மரம் என்றார். விதை சிறியது, பழத்தில் கடுகுக் காரம் உண்டு, பறவை உட்காரக் கிளையும் உண்டு என்பது அவர் வாதம். ஆனால் அந்த மரத்தை யாரும் தோட்டத்தில் விதைப்பதில்லை. அதனால் அவர் சொன்னதைப் பலரும் ஏற்கவில்லை.

அந்த மரம் நமக்குப் புதிதல்ல. அதுதான் உகா. காயல்பட்டினத்து இஸ்லாமியச் சகோதரர்கள் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி அதன் குச்சிதான். மற்றச் செடிகள் கருகிப்போகும் உவர் மண்ணிலும் அது தழைக்கும். தடித்த இலை, தொங்கும் கிளை, மிளகு பருமனில் சிவந்த பழம். வாயில் போட்டால் முதலில் லேசாக இனிக்கும், பிறகு நாக்கில் சுள்ளென்று ஏறும்.

உகாவுக்கு ஒரு தங்கை உண்டு; நம் தேரிக்காட்டிலும் வேலியோரங்களிலும் கிடக்கும் சங்கஞ்செடி. சொந்தமாக நிமிர்ந்து நிற்கத் தெம்பில்லாமல் பக்கத்துப் புதரில் சாய்ந்து தொற்றி ஏறும். கணுவுக்குக் கணு நான்கு பச்சை முள். இலை நுனியும் குத்தும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில் முத்துப்போல வெள்ளைப் பழம் பழுக்கும். அந்த முள்ளுக்குள் குருவிகள் பயமில்லாமல் கூடு கட்டும். இந்த இரண்டோடு, ஆப்பிரிக்கா, அரேபியா பக்கம் வளரும் டோபெராவையும் சேர்த்து மூன்றே பேரினங்கள், பத்துப் பன்னிரண்டு சிற்றினங்கள். மொத்தக் குடும்பமும் அவ்வளவுதான்.

இந்தச் சின்னக் குடும்பத்தை எங்கே சேர்ப்பது என்று அறிஞர்கள் நெடுங்காலம் தடுமாறினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பெந்தம், ஹூக்கர் என்ற இருவர், பூவின் அமைப்பைப் பார்த்து ஒலிவம், மல்லிகைக் குடும்பத்தின் பக்கத்தில் வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் வாலுளுவையோடு சேர்த்தார்கள். கடுகோடு சேர்க்க யாருக்கும் மனம் வரவில்லை. கடுகுக்கு மஞ்சள் பூ, முள் கிடையாது, மரமாகவும் ஆகாது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் ஒற்றுமை இல்லை.

1970களில் டால்கிரன் என்பவர், கடுகுக்கும் உகாவுக்கும் பொதுவான அந்தக் காரத்தை உறவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். 1990களில் மரபணுவைப் படித்தபோது அது உறுதியானது. 1998-இல் வெளிவந்த புதிய வகைப்பாட்டில் உகாவும் சங்கஞ்செடியும் கடுகின் வரிசைக்கே வந்து சேர்ந்தன. அந்த வரிசையில் வேறு யார் யார் தெரியுமா? நம் வீட்டு முருங்கை, பப்பாளி, முள்ளங்கி, முட்டைக்கோஸ். ராயில் சொன்ன மரம் கடுகு இல்லாமல் இருக்கலாம். ஆனால் கடுகுக்குச் சொந்தம்தான். அறிஞர்கள் எழுதிவைக்கும் முன்பே அந்த உறவு மண்ணில் இருந்தது. விதைத்தவன் தூங்கும்போதும் அவனுக்குத் தெரியாமலே பயிர் வளர்கிறது என்று ஆண்டவர் இன்று சொல்வதும் இதைத்தான்.

அன்பானவர்களே, அந்தக் காரம் எப்படி வருகிறது என்று பாருங்கள். இலை முழுதாக இருக்கும்வரை அதில் காரம் இல்லை. அதற்கான இரண்டு பொருள்கள் இலைக்குள் தனித்தனி இடங்களில் அடைபட்டிருக்கும். கடித்தால், கசக்கினால், அவை ஒன்றோடொன்று கலக்கும். அந்த நொடியில்தான் காரம் பிறக்கிறது. இந்த உறவு நசுங்கும்போதுதான் வெளியே தெரிகிறது.

2023 டிசம்பரில் நாமும் நசுங்கினோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றபோது, பக்கத்துப் புதுக்குடி மக்கள் முன்பின் தெரியாத பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். நம் மீனவர்கள் கடலில் ஓட்டும் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்த் தெருத்தெருவாக ஆட்களை மீட்டார்கள். படகில் ஏற்றுமுன் எந்தச் சாதி, எந்தக் கோயில், எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. அந்த நாள்களில் இந்த மாவட்டம் முழுவதும் ஒரே குடும்பமாக இருந்தது.

தண்ணீர் வடிந்தது. நாம் பழையபடி பூவையும் முள்ளையும் பார்த்து ஆள் பிரிக்கத் தொடங்கிவிட்டோம். உப்பளத்தில் நாளெல்லாம் வெயிலில் காய்ந்துவிட்டு வரும் பெண் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்கிறார். துறைமுக வேலைக்கு வந்த வெளியூர்க் குடும்பம், ஊர் வரிப் பட்டியலில் பெயர் இல்லாததால் எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்படுவதில்லை. ஒரே அப்பத்தை உண்கிறோம். ஒரே திருமுழுக்கின் உயிர் நமக்குள் ஓடுகிறது. ஆனாலும் அவர்களை 'நம்மாட்கள்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. நம்மைத் தெரிய வைக்க இன்னொரு வெள்ளம் வர வேண்டுமா?

சங்கஞ்செடிபோல ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து ஏறுவதில் இறையாட்சியில் இழிவு இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நம் கிளைக்குள் யார் கூடு கட்ட முடிகிறது?

ஜூலை 26-இல் பனிமய அன்னையின் திருவிழாவுக்குக் கொடி ஏறும். அதற்கு முன் நம் பங்கிலும் கூட்டம் போட்டு வேலைகளைப் பிரிப்போம். ஒவ்வொரு அன்பியமும், இதுவரை பட்டியலில் இல்லாத ஒரு குடும்பத்தையாவது வீடு தேடிப் போய் அந்தக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்தால் மட்டும் போதாது, பொறுப்பும் கொடுங்கள். ஆமென்.