பெயர் மட்டும் தெரிந்தவர்கள்

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மழை விட்டிருந்த ஒரு காலை. சுக்கும் மிளகும் மணக்கும் பழைய கிடங்கின் சுவரோரம், காரை பெயர்ந்த இடத்தில் சாண் உயரத்துக்கு ஒரு செடி. போனை நீட்டிப் படம் பிடித்தேன். ‘பில்லாந்தஸ் அமாரஸ்’ என்று நொடியில் பதில் வந்தது. தெரிந்துகொண்டுவிட்ட திருப்தியில் நடையைக் கட்டினேன்.

“கீழார்நெல்லியல்லே அது?” என்றார் எதிர் டீக்கடைச் சேச்சி. கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், ஒரு கிளையை ஒடிக்காமல் மெல்லத் திருப்பிக் காட்டினார். மேலிருந்து பார்க்க வெறும் இலை. அடியில், காம்பு நெடுக, கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சை மணிகள் வரிசையாகத் தொங்கின. கீழே காய்க்கும் நெல்லி. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. திருப்பிப் பார்க்க ஒரு கைதான் வேண்டும்.

“மஞ்ஞப்பித்தத்தினு நல்லதா” என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. பத்து வயதில் எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது, ஆச்சி இதைத்தான் வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்திருக்கிறேன். லத்தீனில் ‘அமாரஸ்’ என்றால் கசப்பு. லத்தீன்காரனுக்கு நினைவிருந்த கசப்பு, குடித்து வளர்ந்த எனக்கு மறந்துபோயிருக்கிறது.

கொச்சியில் வைத்து இப்படித் தலைகுனிய நேர்ந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. செடிகளைப் பற்றி உள்ளூர்க்காரர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிய பெரிய புத்தகம் ஒன்று இங்கேதான் உருவானது. மலபாரில் டச்சுக் கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹென்றிக் வான் ரீட் தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக அச்சானது, 742 தாவரங்கள். முதல் படம் தென்னை. கடைசிப் பாகம் வெளிவரும்போது வான் ரீட் உயிருடன் இல்லை.

அவருக்குச் செடி தெரியாது, தெரிந்தவர்களைத் தெரியும். சேர்த்தலைப் பக்கம் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், கொங்கணி பிராமணர்களான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. அச்சுதன் மலையாளத்தில் சொன்னது போர்த்துகீசியத்துக்குப் போய், கடைசியில் லத்தீனில் கரையேறியது. 1675 ஏப்ரலில் கொச்சியில் அவர் தந்த வாக்குமூலம் முதல் பாகத்திலேயே இருக்கிறது. குடும்பத்து ஏடுகளில் இருந்ததையும், தான் நெடுங்காலம் வைத்தியம் பார்த்துக் கண்டதையும் சொன்னதாகக் கூறுகிறார். படித்ததும் பழகியதும் என்று இரண்டையும் அவர் சேர்த்துச் சொன்னதுதான் என்னை நிறுத்துகிறது. என்னிடம் முதலாவதின் நிழல் மட்டும் போனில் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் செடிகள் மலையாளப் பெயரோடுதான் நிற்கின்றன. ஏலத்தரி, ‘எலெட்டாரி’ ஆகி, பின்னால் ஏலக்காயின் அறிவியல் பெயராகவே நிலைத்துவிட்டது. பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த முந்திரிக்கு அங்கே ‘கப்பமாவு’ என்று பெயர். கப்பலில் வந்த மா. இன்றும் கப்பல்மாவு என்பவர்கள் உண்டு. வந்தவனை எந்த வழியில் வந்தான் என்பதோடு சேர்த்து நினைவு வைத்திருக்கிறார்கள். யூதரும் கொங்கணியரும் குஜராத்திகளும் தமிழரும் வந்து தங்கிய மட்டாஞ்சேரிக்கு இது புதிதல்ல. இங்கே ஒரு பெயர் என்பது, யார் எவரை எப்படிச் சந்தித்தார்கள் என்பதன் சுருக்கம்.

லத்தீனில் கிடந்த இந்தப் புத்தகத்தை மண்ணுக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர் கோழிக்கோடு பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் கே. எஸ். மணிலால். லத்தீன் கற்று, வான் ரீட் சொன்ன செடிகளைத் தேடி அலைந்து, 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் கொடுத்தார். ஒரு புத்தகத்துக்காக வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். நான் ஒரு செடிக்கு மூன்று நொடி செலவிட்டேன்.

ஆச்சி சொன்னதெல்லாம் சரி என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பர்கும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து, கீழாநெல்லி பற்றி 1988இல் ‘லான்செட்’ இதழில் நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. காமாலை வந்தால் இன்று நான் டாக்டரிடம்தான் போவேன். ஆனால் அந்த ஆய்வு நடந்ததற்கே காரணம், தலைமுறை தலைமுறையாக யாரோ இந்தச் செடியைக் குனிந்து பார்த்ததுதான். சோதிக்க வேண்டும் என்றால் முதலில் கவனிக்க வேண்டும்.

கொச்சிக்கு வரும் நம்மில் பலர், இரண்டு மணி நேரத்தில் யூதர் தெருவைப் பார்த்து முடித்துவிட்டு, யானை பார்க்கத் தேக்கடிக்கு வண்டி ஏறுகிறோம். யானை பார்க்கப் போகக் கூடாது என்பதில்லை. காலடியில் இருப்பதைத் திருப்பிப் பார்க்காத கண், காட்டுக்குப் போயும் படம்தான் பிடிக்கும். என் போனில் நூற்றுக்கணக்கான செடிப் படங்கள் இருக்கின்றன. போன் இல்லாமல் பத்தைக்கூட என்னால் அடையாளம் சொல்ல முடியாது. இத்தனை பேரைத் தெரியும் என்கிறவனுக்கு, ஒருவர் வீட்டிலும் போய்த் தண்ணீர் கேட்டுக் குடிக்க உரிமை இல்லாததுபோல.

உங்கள் தெருச் சுவரோரமும் ஒரு செடி இருக்கும். பெயரைப் போனிடம் கேளுங்கள், தவறில்லை. “இதை உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள், எதற்கு வைத்திருந்தீர்கள்?” என்ற அடுத்த கேள்வியை அந்தத் தெருவிலேயே வயதான ஒருவரிடம் கேளுங்கள். சீக்கிரம் கேளுங்கள். செடி அடுத்த மழைக்கும் முளைக்கும்.