அம்மா எப்படிப்பட்டவள்?

நிறைந்த வயதில் மறைந்த ஒரு பாட்டியைப் பற்றி, அவளை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்ற கேள்வியே எழுவதில்லை. பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் ஆளுக்கொரு பாட்டியைத் தத்தம் மனத்தில் வைத்திருப்பார்கள், ஒருவர் சொல்லி மற்றவர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இராது. பேசப் பழகும் குழந்தையை விட்டுவிட்டு இளம் பிராயத்தில் போய்விடுகிற தாயின் விஷயம் அப்படியல்ல. அவளுடைய ஞாபகம் எல்லோரையும்விட அதிகமாக யாருக்குத் தேவையோ, அந்த ஒரு ஜீவனிடம் மட்டும் அது இல்லாமற் போகிறது; மற்றவர்கள்தாம் அதைக் கொடுத்தாக வேண்டும். எதைக் கொடுப்பது என்பது வருஷக்கணக்காக என் மனத்தை விட்டு அகலாத யோசனை.

என் சித்தி மகள் ரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவளுடைய பெண்ணுக்கு மூன்று வயது. லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்ற வகை அது. எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, சிவப்பணுக்களும் பிளேட்லெட்டுகளும் உண்டாவதற்கு இடமில்லாமல் செய்துவிடுவதால், ஓயாத களைப்பாகவும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலாகவும் அடிபடாமலே தோலில் கன்றிப்போகும் திட்டுகளாகவும் அது தலைகாட்டுகிறது. சின்னக் குழந்தை வைத்திருப்பவளின் களைப்பை வியாதி என்று யார் நினைப்பார்கள்? நல்ல சிகிச்சை கிடைத்தால் குழந்தைகளில் பெரும்பாலோரை விட்டுப் போய்விடும் இந்நோய், பெரியவர்களிடம் அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. முதல் மாத மருந்திலேயே அடங்கிற்று. மறு வருஷம் திரும்பி வந்தது.

அவளுடைய முதுகுத்தண்டில் ஊசி வழியே ஏற்றப்பட்ட மஞ்சள் மருந்துக்கு மெதோட்ரெக்ஸேட் என்று பெயர். அதன் சரித்திரத்திலும் துக்கம் இருக்கிறது. 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பராவ், ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குத் தம் சகோதரர் இருவரைப் பறிகொடுத்தவர். பின்னாளில் அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழுவினர் தயாரித்த ஃபோலிக் அமிலம் அதே ஸ்ப்ரூவுக்கு மருந்தாயிற்று. ஃபோலிக் அமிலத்தை எதிர்த்து வேலை செய்யும் பொருள்களும் அங்கேதான் பிறந்தன; அவற்றுள் ஒன்றான அமினாப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் லுகேமியா கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் சில காலமேனும் பின்வாங்குவதைக் கண்டு, 1948இல் வெளியிட்டார். சுப்பராவ் அந்த ஆண்டே காலமானார். மெதோட்ரெக்ஸேட் அந்த வர்க்கத்தைச் சேர்ந்ததே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தைப் பல்லாண்டு சுமந்த பிறகே 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கி வைத்தார். அவர்களுடைய ஸ்மரணை மருந்தாயிற்று, மருத்துவமனையாயிற்று. சாமானியர்களான நமக்கு அத்தகைய சக்தி கிடையாது. ஒரு குழந்தைக்கு அதன் தாயைச் சொல்லும் வேலை மட்டும் நம்மிடம் விடப்பட்டிருக்கிறது.

எங்கள் வட மாவட்டங்களில் சுமங்கலியாய் இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள். கல்யாணம் முதலிய நல்ல காரியங்களுக்கு முன் அவளுக்குப் புதுச் சேலை வைத்துப் படைப்பதுண்டு. போனவளை வீட்டுக்கு வெளியே நிறுத்தாத அந்த வழக்கத்தை நான் மனமார மதிக்கிறேன். ஆயினும் குழந்தைக்கு அது போதாது. தெய்வத்திடம் வரம் கேட்கலாம், வாதாட முடியாது. வளர்கிற பெண்ணுக்கோ, மனத்துக்குள்ளாவது எதிர்த்துப் பேசுவதற்கு ஒரு தாய் வேண்டியிருக்கிறது. மேலும், குழந்தையின் தகப்பன் மறுமணம் செய்துகொண்டான், அது நியாயமே. வந்தவள் நல்ல பெண். குற்றமே இல்லாத முன்னவளோடு ஒப்பிடப்பட்டு அன்றாடம் தோற்றுக்கொண்டிருக்கும்படி அவளை விடுவது பாவம் அல்லவா?

உறவினர்கள் குழந்தையிடம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கதைகள். அவற்றில் சொல்லத் தக்கவை உண்டு. பிளேட்லெட்டுகளை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே கொடுக்கிறவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அவள் பெயரைக்கூடக் கேட்டிராத கல்லூரிப் பையன்கள் வகுப்பு முடிந்ததும் ரத்த வங்கிக்கு வந்து, இரண்டு மணி நேரம் போல ஊசியோடு படுத்துக் கிடந்துவிட்டுப் போனார்கள். தன் தாய்க்காக ஊரே கை நீட்டியது என்பதை அந்தப் பெண் அறியட்டும். ஆனால், 'உன் அம்மா கடைசி வரைக்கும் கலங்கவே இல்லை' என்று அவர்கள் முடிக்கும்போது எனக்குப் பொறுப்பதில்லை. கலங்காத நாள்களும் இருந்தன. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து ஒருவரோடும் பேசாத நாள்களும், இனி ஊசி வேண்டாம் என்று விம்மிய நாள்களும் இருந்தன. நாளைக்கு ஒரு கஷ்டம் வந்து அந்தப் பெண் பயந்து அழ நேர்ந்தால், தாயைப் போல் தனக்குத் திராணியில்லை என்று நாணும்படி அவளை நாம் வளர்க்கலாகாது.

அதோடு, நோய் இரண்டு வருஷம். அதற்கு முன் ஒரு ஜீவிதம் முழுவதும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவள், வீட்டுக் கணக்கை ஒரு மாதமும் எழுதி முடித்ததில்லை. உப்புத் தொட்டுப் புளியங்காய் தின்பாள். ரசம் வைக்க வராது. ரகசியம் எதுவும் அவளிடம் பொழுது சாயும்வரை தங்காது. முன்கோபம் உண்டு. கோபித்துக்கொண்டால் நாலு நாள் பேச மாட்டாள், பிறகு எதுவுமே நடவாதது போல, "அண்ணா, சாப்பிட்டியா?" என்று அவளே ஆரம்பிப்பாள்.

போன பொங்கலுக்குச் சென்றிருந்தபோது, சிறு வயதில் அவள் ஒரு நாள் ஆட்டத்தில் தோற்ற ஆத்திரத்தில் பல்லாங்குழிப் பலகையைத் தூக்கி எறிந்ததைக் குழந்தையிடம் சொன்னேன். சித்திக்கு மனம் கேட்கவில்லை. "ஏன்டா தம்பி, போனவளப் பத்திக் கொழந்தகிட்ட இப்படியா சொல்லுவ?" என்றாள். குழந்தையோ, "நிஜமாவா மாமா? எங்கம்மாவா? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். நான் பதில் சொல்லுமுன், "அப்புறம் என்ன? சோழியெல்லாம் கெணத்துல விழுந்துடுச்சு. இவனுக்கு அது ஞாபகமே இருக்காது" என்று சித்தி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து தானே சொல்லத் தொடங்கினாள்.